ஆணியில் தொங்கிய டோக்கன்

புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் போன வாரம் என் வீடு தேடி வந்தார். எங்கள் சுரங்க மருத்துவ நிலையத்துக்கு நவீன இ.சி.ஜி. மெஷின் வரப்போகிறதாம். நாற்பது தாண்டிய எல்லோரையும், வலி இருக்கிறதோ இல்லையோ, வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்துவிடப் போகிறாராம். "நீங்கதான் சார் இந்த வேலையில முதல் ஆள். அந்த அனுபவத்தை நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க. இப்ப சேர்றவங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் என்றதும் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி சிரித்த சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது.

சரி, எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

என் பெயர் ஜெயசீலன். வயது ஐம்பத்துமூன்று. இன்னும் சில வருடம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கலாம். நானாகக் கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஆண்டர்சன்பேட்டை சர்ச் பாட்டுக் குழுவில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு இருபது வருடம் நின்றவன் என்றால் உள்ளூரில் பலருக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராகச் சேர்ந்தேன். கல் விழுந்த கால், டிராலி நசுக்கிய விரல், டைனமைட் புகை குடித்த நுரையீரல் என்று பார்த்துப் பார்த்து, ரத்தம் எனக்குத் தக்காளி ரசம் மாதிரி ஆகிவிட்டது. அறுபதுகளின் நடுவில் மெஷின் வந்தபோது, "இவன் சும்மா சிரிச்சிக்கினே இருக்கான், இவனுக்கு ஒரு வேலை குடுங்க" என்று என்னை வெளியூருக்கு மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. ஆக, இரண்டு வார நிபுணனாகத் திரும்பி வந்தேன்.

மெஷின் ஒரு ஹார்மோனியப் பெட்டி அளவு இருக்கும். படுத்திருப்பவரின் இரண்டு கை, இரண்டு காலில் உலோகத் தகடு வைத்து ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் பசை தடவ வேண்டும். பசை தீர்ந்தால் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. நெஞ்சில் ஆறு இடத்தில் மாற்றி மாற்றி ஒரு ரப்பர் குமிழை ஒட்டவைக்க வேண்டும். சூடான ஊசி ஒன்று மெழுகுக் காகித நாடாவில் நெஞ்சின் துடிப்பைக் கோடாகக் கீறும். கீழே, ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் ஆழத்தில் பாறை வெடித்தால் ஊர் முழுக்க ஒரு குலுங்கு குலுங்குமே, அப்போது ஊசியும் எகிறும். படுத்திருப்பவன் கண்ணை உருட்டிக்கொண்டு, "சார், இப்ப எகிறுனது நானா, ஷாஃப்டா?" என்பான். "ஷாஃப்டுதான். நீ எகிறியிருந்தா இந்தக் கேள்வி கேக்க மாட்டே" என்பேன். இந்த மாதிரி தமாஷுக்குத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் பேசவே மாட்டார். சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு உட்காருவார். நாடாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, புடவைக் கரை பார்க்கிற மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். சந்தேகம் வந்த இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியோமிதிப் பெட்டியில் இருக்குமே, இரண்டு பக்கமும் ஊசி வைத்த கவராயம், அதை ஊன்றி அளப்பார். நாடாவில் அச்சடித்த சின்னக் கட்டங்களில் அரைச் சதுரம் கூடக் குறைய இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். நாடா சரியாக இருந்தால், கன்னடத்தில் "ஆய்த்து" என்பார். முடிந்தது, போகலாம் என்று அர்த்தம். சரியில்லை என்றால் "ரிப்பீட்" என்பார். ஒரு நாளில் இந்த இரண்டு சொல் தவிர வேறு கேட்டால் அன்றைக்கு ஏதோ விசேஷம்.

முதல் வாரமே அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வரவழைத்த பெருமை எனக்கு உண்டு. பழகுவதற்காக நானே படுத்து, நானே தகடு கட்டி, நானே பொத்தானை அழுத்தி என் நெஞ்சைப் படம் எடுத்தேன். பயிற்சிப் புத்தகத்தில் மேலே பார்த்து நிற்கிற கோடு என் நாடாவில் தலைகீழாகத் தொங்கியது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. காலையில் ஆறு தோசை சாப்பிட்டிருந்தேன். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இடது கை மரத்துப்போனது, தாடை வலித்தது, மூச்சு பாதியில் நின்றது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வருடமாகப் பேசாத மைத்துனனைத் தேடி மாரிகுப்பம் போய்க் கட்டிப்பிடித்தேன். அவன் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்தான். என் அடக்கத்துக்கு எந்தப் பாட்டு பாட வேண்டும் என்று போதகரிடம் பொதுவாக விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன். மனைவியிடம், "நான் இல்லைன்னா நீ பேத்தமங்களாவுல உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்றேன். "நீ இருக்கும்போதே போறேன்னு எத்தினி தடவை சொல்லியிருக்கேன்?" என்றாள் அவள்.

நாலாம் நாள் தாங்க முடியாமல் நாடாவை டாக்டரிடம் நீட்டினேன். ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். எழுந்து வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, குறுக்காக மாற்றி வைத்தார்.

"உன் வலது கை எது?"

காட்டினேன்.

"வயரை மாத்திக் கட்டியிருக்கே. நெஞ்சு நல்லா இருக்கு. தலைதான் ரிப்பீட்."

அன்று முதல் நிலையத்தில் எவன் தும்மினாலும் "ஜெயசீலா, வயரைப் பாரு" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்று சுருண்டு படுத்துக்கொண்டது. இனிமேல் வயர் விஷயத்தில் எவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு தகட்டையும் மூன்று தரம் சரிபார்த்தேன். வலது, இடது, வலது, இடது என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். அந்த ஜாக்கிரதைதான் எங்களைக் கெடுத்தது.

டாக்டரும் ஒரு விதி போட்டார். யாருடைய நாடா சந்தேகமாக இருந்தாலும், மறுநாள் அந்த ஆளை எண் சொல்லி வரவழைத்து, புதிதாகப் படுக்கவைத்து, இன்னொரு நாடா எடுக்க வேண்டும். எடுத்தால் பதிவேட்டில் சிவப்பு மையில், ரிப்பீட்டுக்கு அடையாளமாக, ஆர் என்று எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அவர் முடிவு எழுதுவார். முடிவு என்றால் என்ன? "கீழே இறங்கத் தகுதி இல்லை", அவ்வளவுதான். மார்வலிக்கு நாக்கடியில் வைக்க ஒரு மாத்திரை இருந்தது. வலியே இல்லாதவனுக்கு என்ன தருவது? கொழுப்பைக் குறை, பளு தூக்காதே, மேலே இரு. வலியில்லாதவனிடம் போய் நோயைத் தேடுகிற வேலை இது. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பெட்டியோடு வரவில்லை.

இப்போது டோக்கன் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் தெரியாதவர் கிடையாது, ஆனாலும் மலர் வெளியூருக்கும் போகும் அல்லவா? சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. இறங்கும்போது ஷாஃப்ட் வாசலில் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார்கள், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே. அதைப் பார்க்கிற பெண்களுக்கு வேறு செய்தி வேண்டாம்.

நான் அதையே காப்பியடித்து இ.சி.ஜி. அறை வாசலில் ஒரு பலகை அடித்தேன். மேல் வரிசையில் ஆணி, கீழ் வரிசையில் ஆணி. பத்துப் பத்துப் பேராக வருவார்கள். வந்த வரிசைப்படி மேலே டோக்கனை மாட்டுவார்கள். நான் முதல் ஆணி டோக்கனை எடுத்து மெஷின் பக்கத்தில் வைத்து, "வாங்க" என்பேன். நாடா எடுத்ததும் வாலில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி, டோக்கனைக் கீழ் வரிசையில் மாட்டுவேன். பத்துப் பேரும் முடிந்ததும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார்கள். "டோக்கனைக் குடுத்துட்டு உள்ள வா, உசுரோட எழுந்தா வாங்கிக்கோ" என்பேன். பயந்து போயிருக்கும் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். டாக்டர்கூடப் பலகையைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு அது விசேஷம்.

ஒரு நாள் ஒரு நாடாவில், நெஞ்சுப் பக்கத்துக் கோடுகள் நான்கில் கீழ்நோக்கிக் குழி விழுந்திருந்தது. வயரைப் பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன். வலது வலதில், இடது இடதில். எல்லாம் சரி. பெருமையோடு எண்ணை எழுதினேன். அது முனுசாமியின் எண். டிம்பர்மேன், கீழே கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற கோஷ்டிக்கு மேஸ்திரி. நாற்பத்திரண்டு வயது. ஒரு ஆள் உயர மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பவன் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்கிறேன், ஏனென்றால் எனக்கு அவனை முகம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மணிக்கட்டும் கணுக்காலும்.

விதிப்படி மறுநாள் அவனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஷிஃப்ட் பாஸுக்குச் சீட்டு எழுத வேண்டும். அவர் "இன்னா ஜெயசீலா, மறுபடியும் கை மாறிப்போச்சா?" என்பார், ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். இந்தத் தடவை நான் தப்பே செய்யவில்லையே, எதற்குச் சிரிப்பு வாங்க வேண்டும்? மறுநாள் அவனைக் கூப்பிடாமல் பதிவேட்டை எடுத்தேன். சிவப்பு மையில் ஆர் என்று எழுதி, பக்கத்தில் "அதேபோல்" என்று எழுதினேன். நீளமாக எடுத்த அதே நாடாவிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி ஒட்டினேன். சாயங்காலம் டாக்டர் கவராயம் ஊன்றி இரண்டையும் அளந்தார். கச்சிதமாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் எங்கே போகும்? தகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முனுசாமியை மேலே கொண்டுவந்து விளக்கு அறையில் போட்டார்கள். தலையில் மாட்டும் விளக்கை எண் பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தன் கோஷ்டிக்கே தினமும் விளக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். "இன்னா மேஸ்திரி, விளக்கு கனமா இருக்குதா? நாங்க வேணா கை குடுக்கட்டா?" என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது. வீட்டில் பெண்டாட்டி ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. சாப்பாட்டில் ஆட்டுக்கறி நின்றது.

ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். நல்ல உயரம், அகலமான தோள், ஆனால் வலது கை எப்போதும் நெஞ்சின் மேலேயே இருந்தது, சட்டைப் பையிலிருந்து ஏதோ விழுந்துவிடப் போகிறது என்பதுபோல. படியேறி வந்து, வாசலில் நின்று, வாயைத் திறந்து பத்து மூச்சு விட்டுவிட்டு உள்ளே வந்தான். நாடா எடுத்தேன். குழி ஒன்றும் இல்லை. பாடப் புத்தகத்தில் அச்சடிக்கலாம்.

அதிசயமாக டாக்டர் அப்போது அங்கேயே இருந்தார். பழைய நாடாவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கவராயத்தை எடுக்கவேயில்லை.

"இது ரெண்டும் ஒரே ஆள் இல்லை."

நான் மெஷின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ரிப்பீட் எடுத்தியா?"

சுருட்டிய வயரை மறுபடி பிரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த முனுசாமியிடம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார். "அன்னிக்கு வரிசையில உனக்கு அடுத்து யாரு?"

"எனக்கு அடுத்து வெங்கடேசு, டாக்டர். டிரில் போடுறவன். அவன் பயந்துக்கினு நடுங்கிக்கினு கெடந்தான். காத்துக்கினு இருந்தா இங்கியே செத்துடுவேன்னான். நீ மொதல்ல போடா, நான் பீடி புடிச்சிட்டு வர்றேன்னு அனுப்பி வெச்சேன்."

"டோக்கன்?"

"அது மாட்டுன எடத்துலதான் இருந்திச்சி. அத்த எதுக்கு மாத்தணும்?"

எதற்கு மாற்றணும்? ஷாஃப்ட் வாசலில் யார் முன்னால் இறங்கினாலும் டோக்கன் அதனதன் ஆணியில்தானே இருக்கும். அங்கே அது சரி. என் பலகையில், படுத்தவன் வெங்கடேசு, எண் முனுசாமியுடையது. அடுத்துப் படுத்தவன் முனுசாமி, எண் வெங்கடேசுடையது. நான் வயரைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

வெங்கடேசு ஆறு மாதமாகத் தகுதி பெற்றவனாகக் கீழே டிரில் பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கும் அவன் காலை ஷிஃப்ட்.

ஓடினேன். என் வாழ்க்கையில் ஓடிய ஒரே ஓட்டம் அது. ஒரு செருப்பு மருத்துவ நிலைய வாசலிலேயே நின்றுவிட்டது. கையில் பிடித்த நாடா பின்னால் வால் மாதிரி பறந்தது. ஒரு ஆடு அதைத் தின்ன என்னோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது. ஷாஃப்ட் வாசலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் கதவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்னைப் பார்த்து, "இன்னா சார், ஊட்டுல கொழந்தையா?" என்றான்.

"வெங்கடேசை மேல கூப்புடு. இப்பவே."

"எந்த வெங்கடேசு? கீழ பன்னெண்டு வெங்கடேசு கீறான். ஷிஃப்ட் பாஸ் சீட்டு கீதா?"

சீட்டு இல்லை. ஷிஃப்ட் பாஸும் கீழேதான் இருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், கத்தினேன், கேஜை மேலே அழைக்கும் மணியை நானே அடிக்கப் போனேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து ஒரு மரக்கட்டையின் மேல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எதிரே டோக்கன் பலகை. அவன் எண் எனக்கு இப்போது மனப்பாடம். ஷிஃப்ட் முடியும்வரை அந்த ஒரு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேஜ் ஏறி வரும், பத்துக் கை நீளும், பத்து டோக்கன் போகும். அது மட்டும் தொங்கும். மறுபடி கேஜ். மறுபடி அது தொங்கும். கடைசிக்கு முந்திய கேஜில் வெற்றிலை மென்றுகொண்டு ஒரு குள்ளமான மனிதன் இறங்கி, அந்த டோக்கனை எடுத்தான்.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

"இன்னா சார் இப்பிடி எளைக்குது? ஒன் நெஞ்சை ஒரு தபா அந்தப் பொட்டியில பாத்துக்கோ" என்றான் வெங்கடேசு.

மறுநாள் அவனுக்கு நாடா எடுத்தோம். அதே நான்கு குழி. அன்றே மேலே மாற்றினார்கள்.

டாக்டர் நடந்ததை உள்ளபடி ஒரு தாளில் எழுதி, என்னையும் கூட்டிக்கொண்டு மேலிடத்துக்கு எடுத்துப் போனார். என் பொய்யும் அதில் இருந்தது. வேலை போகும் என்று நான் பெட்டி கட்டித் தயாராக இருந்தேன். போகவில்லை. மேலிடத்தில் ஒருவர் சிரித்த முகமாக, "இவ்வளவு கஷ்டப்பட்டு ஆரம்பிச்ச திட்டம். தப்புன்னு எழுதினா நாளைக்கு ஒருத்தனும் படுக்க வரமாட்டான். முதல் ஆளுக்குச் சிகிச்சையில குணம்னு எழுதுங்க. ரெண்டாவது ஆளுக்கு இப்பதான் வந்திருக்குன்னு எழுதுங்க. ரெண்டும் உண்மைதானே, நாடா அப்படித்தானே சொல்லுது?" என்றார். டாக்டர் தன் தாளை இன்னொரு தரம் மேலிருந்து கீழே படித்தார். அரைச் சதுரம் விடாத மனிதர். பிறகு தன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் தட்டச்சு செய்து நீட்டியதில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஆய்த்து" என்றார்.

முனுசாமிக்கு மாலை போட்டு மெஷின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அறிகுறியே இல்லாமல் ஒளிந்திருந்த இதய நோய் கண்டுபிடிக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்ட முதல் தொழிலாளி என்று கீழே அச்சடித்தார்கள். படத்தில் அவனுக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான். குணம் என்று எழுதிய பிறகும் அவன் கீழே இறங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவனுக்குத்தான் தைரியம் இல்லை.

வெங்கடேசு ஒரு வருடம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தான். பாதி முகத்தில் சோப்பு. அந்த ஆறு மாதம் கீழே இறங்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்னதிலேயே கருணையான வாக்கியம்; கொடுமையானதும் அதுதான். சாவு வீட்டில் முனுசாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "பாவம் சார். என்னாட்டம் இவனையும் முன்னாடியே புடிச்சிருந்தா பொழைச்சிருப்பான். என் நேரம், நீங்க என்னைப் புடிச்சீங்க" என்றான்.

அன்று தொடங்கிப் பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு மாரியம்மன் பண்டிகைக்கும் அவன் வீட்டில் வெட்டும் ஆட்டில் ஒரு தூக்கு கறிக்குழம்பு எனக்கு வரும். "நான் தொடக்கூடாது சார். நீங்க சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி." நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இளம் டாக்டர் வந்துபோன மறுநாள் பண்டிகை. முனுசாமி தூக்கோடு வந்தான். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பலகை, டோக்கன், சிவப்பு ஆர், எல்லாம். பைபிளுக்குள் ஒளித்து வைத்திருந்த இரண்டு நாடாவையும் எடுத்து மேசையில் பரப்பினேன்.

பார்த்தான். "இதுல எது நானு?"

"நல்லா இருக்குறது. ரெண்டு நாளும் நீ நல்லாத்தான் இருந்தே. உனக்கு ஒண்ணுமே இல்ல முனுசாமி. எப்பவுமே இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் பயந்து நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, மறுபடி மெதுவாகச் சிரித்தான். "ரிட்டையர் ஆனாலும் ஒங்க தமாஷ் போவல சார்."

"தமாஷ் இல்லப்பா. அந்தக் குழி விழுந்தது வெங்கடேசு."

சிரிப்பு நின்றது. எழுந்து நின்றான். "எத்த வெச்சி வேணா தமாஷ் பண்ணுங்க. செத்தவனை வெச்சி வாணாம் சார். அவன் என் சிநேகிதன்."

சத்தியம் செய்தேன். பைபிள் மேல் கை வைத்தேன். முப்பது வருடம் இந்த ஊரைச் சிரிக்கவைத்த வாய் இது. அதிலிருந்து வந்த எதையும் அவன் நம்பத் தயாராக இல்லை. "குழம்பு ஆறிப்போவும், சாப்புடுங்க" என்று தூக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு இறங்கினான்.

எங்கள் தெரு முனையில் சின்ன மேடு. ஒரு குழந்தை ஓடி ஏறிவிடும். ஜன்னலில் நின்று பார்த்தேன். பாதியில் நின்றான். வலது கையை நெஞ்சில் வைத்து, வாயைத் திறந்து, பத்து மூச்சு எண்ணினான். பிறகு இன்னொரு பாதி ஏறினான்.